தேசியம் பேசாத கட்சி ஒன்றைக் காட்டுங்கள்

வாசகர் கேள்வி, 9 ஆகஸ்ட் 2025

தேசியத்தை வைத்து ஓட்டுக் கேட்பது பாஜக மட்டும்தான். திராவிடக் கட்சிகள் பேசுவது மாநில உரிமை, அது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் யாருக்கோ வேலை பார்க்கிறார்கள். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

9 ஆகஸ்ட், இரவு

மறுப்பு இருக்கிறது. அருப்புக்கோட்டையில் தொண்ணூறுகளின் நடுவிலிருந்து அச்சு வேலை பார்க்கிறேன். முதலில் ஸ்க்ரீன் பிரிண்டிங், பிறகு டிடிபி, இப்போது ஃபிளெக்ஸ். எல்லாக் கட்சிக்காரரும் எனக்கு வாடிக்கையாளர், எல்லாக் கட்சிக்காரரும் எனக்குப் பாக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் நான் யாருக்கு வேலை பார்க்கிறேன் என்பதற்கு பில் புக்கே சாட்சி.

அரசியல் ஃபிளெக்ஸ் என்றால் முன்னால் காசு கொடுக்கிறவரின் முகம், மேலே தலைவர்கள் வரிசை (வரிசையோ அளவோ மாறினால் அரை மணி நேரத்தில் கடைக்கு ஆள் வந்துவிடும்), எல்லாவற்றுக்கும் பின்னால் மங்கலாக ஒரு படம். இந்தப் பின்படத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, ஆனால் ஆர்டர் கொடுக்கிறவர் அதைச் சொல்லாமல் போவதே இல்லை. பாஜககாரருக்கு மூவர்ணமும் பாரத மாதாவும். திமுககாரருக்குக் குமரி வள்ளுவர் சிலை, கூடவே தமிழ்நாட்டு வரைபடம். நாம் தமிழர் தம்பிகளுக்குப் புலி, சோழர் கப்பல், பிரபாகரன். காங்கிரஸ்காரருக்குக் காந்தியும் காமராஜரும், அது போதும். அதிமுககாரருக்கு மட்டும் பின்படம் பெரிதாகத் தேவைப்படாது, அம்மாவே முக்கால்வாசி இடத்தை எடுத்துக்கொண்டிருப்பார். சரி, அந்தப் பின்படத்தில் இருப்பதுதான் அவரவர் தேசம். மாநில உரிமை என்று பெயர் வைத்தாலும் அதன் பின்னால் இருப்பது ‘நாம் ஒரு மக்கள்’ என்ற பேச்சுதான்.

எனக்குப் படுவது இதுதான். நாட்டைப் பற்றியோ இனத்தைப் பற்றியோ பெருமையாகப் பேசுவதோடு கட்சிகள் நிற்பதில்லை, எதிரில் இருப்பவனைப் பரீட்சைக்கு உட்கார வைக்கிறார்கள். நீ இந்தியன்தானா? நீ தமிழன்தானா? கேள்வித்தாள் தயாரிக்கிறவன் பாதி ஜெயித்துவிடுகிறான். உட்கார்ந்து விடை எழுத ஆரம்பித்தவன், எவ்வளவு நன்றாக எழுதினாலும், பாதி தோற்றுவிடுகிறான்.

10 ஆகஸ்ட், காலை

நேற்று எழுதியதில் ஒன்றை உடனே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் “எல்லாரும் ஒன்றுதான்” என்று நான் சொன்னதாகப் பரப்பிவிடுவீர்கள். பரீட்சை ஒன்றுதான், தோற்றவனுக்குக் கிடைக்கும் தண்டனை ஒன்றல்ல. டெல்லியில் இருப்பவர் கையில் ஆளுநர் இருக்கிறார், ஆட்சியைக் கலைக்கும் அதிகாரம் இருக்கிறது. 1976 ஜனவரி 31, 1991 ஜனவரி கடைசி, இரண்டு தடவை திமுக ஆட்சி போனது. 1991இல் ஆளுநர் பர்னாலா அறிக்கை கொடுக்க மறுத்தும் போனது. கோட்டையில் இருப்பவர் கையில் அந்த மாதிரி எதுவும் கிடையாது. மேடையில் துரோகி என்று திட்டலாம், அவ்வளவுதான்.

10 ஆகஸ்ட், மதியம்

கோவையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: பரீட்சைக்கு உட்காராமல் தப்பித்தவர்கள் யாராவது உண்டா?

உண்டு. அண்ணா.

1962 தேர்தல் வரை காங்கிரஸின் கையில் இருந்த பெரிய ஆயுதம் ‘பிரிவினைவாதிகள்’ என்ற பட்டம். திமுக திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்ததால் அந்தப் பட்டத்தில் பொய்யும் இல்லை. அந்தத் தேர்தலில் திமுக 50 இடம் பிடித்தது, அண்ணாவோ காஞ்சிபுரத்தில் தோற்று மாநிலங்களவைக்குப் போனார். 1962 மே மாதம் அங்கே அவர் பேசிய முதல் பேச்சே திராவிடர்களுக்குச் சுயநிர்ணய உரிமை வேண்டும் என்பதுதான். அந்த வருடமே அக்டோபர் 20இல் சீனப் போர் தொடங்கியது. விலைவாசி உயர்வுக்கு எதிரான போராட்டத்தில் கைதாகி வேலூர் சிறையில் இருந்தவர், வெளியே வந்த கையோடு போருக்கு ஆதரவாகப் பேச ஆரம்பித்தார். வீடு இருந்தால்தான் ஓடு மாற்ற முடியும் என்று அவர் சொன்னதாக இன்றும் மேடைகளில் சொல்வார்கள்.

அப்புறம் 1963இல் அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம். இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்தால்தான் வேட்பாளராகவே நிற்கலாம். இதைத்தான் நான் அச்சு அசல் பரீட்சை என்கிறேன், சட்டமாகவே போட்டுவிட்டார்கள். அண்ணா மாநிலங்களவையில் அதை எதிர்த்துப் பேசினார். ஆனால் கட்சி அந்த வருடமே திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது, பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்ற ஒட்டோடு.

இதைப் பயந்து ஓடியதாகச் சொல்பவர்கள் உண்டு. என் கணக்கு வேறு. காங்கிரஸ் கையில் இருந்த ஒரே கேள்வித்தாள் ஒரே நாளில் செல்லாததாகிவிட்டது. 1967இல் காங்கிரஸ் ‘பிரிவினைவாதிகள்’ என்று பழைய பாட்டைப் பாடியபோது ஊர் கேட்டுக்கொண்டிருந்தது அரிசியைப் பற்றி. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். அரிசித் தட்டுப்பாடும் 1965 மொழிப் போராட்டத் துப்பாக்கிச் சூடும் சேர்ந்து காங்கிரஸைக் கவிழ்த்தன. காமராஜரே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார்.

10 ஆகஸ்ட், இரவு

“சீனப் போர்தான் காரணம், நீங்கள் தந்திரம் என்கிறீர்கள்” என்று எழுதியவருக்கு: போர், சட்டம், ஓட்டுக் கணக்கு மூன்றும்தான். கட்சி எடுக்கும் முடிவுக்கு ஒரே காரணம் தேடுகிறவர் எந்தக் கட்சிக் கூட்டத்திலும் கடைசி வரை உட்கார்ந்ததில்லை.

12 ஆகஸ்ட்

எங்கள் வீட்டில் இந்த விவாதம் நான் பிறப்பதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. அப்பா தறிக்காரர், திமுக. தாய்மாமா விருதுநகரில் பலசரக்குக் கடை, கதர் போடும் காங்கிரஸ். தீபாவளிக்கு வந்தால் சாப்பிடும் வரை இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள், சாப்பிட்ட பிறகு பேசுவதை நிறுத்த மாட்டார்கள். அப்பா சொல்வார், உங்க கட்சிக்குத் தமிழ்நாடுன்னு சொல்லவே வாய் வராது. மாமா உடனே, எங்க தலைவர்தான்யா பச்சைத் தமிழர், உங்க பெரியாரே சொன்னது.

மாமா சொன்னது உண்மை. பச்சைத் தமிழர் என்று காமராஜரைத் தூக்கிப் பிடித்தவர் பெரியார்தான். 1967 தேர்தலிலும் அவர் காங்கிரஸ் பக்கம்தான் நின்றார். அதாவது இந்திய தேசியம் பேசிய கட்சி, தமிழ்நாட்டில் இனத்தைச் சொல்லித்தான் தன் தலைவரைக் காட்டியது. எங்கள் அம்மா இந்தச் சண்டை முழுவதையும் கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார். ஓட்டு மட்டும் கடைசி வரை எம்ஜிஆருக்கு. 1977இல் எம்ஜிஆர் எங்கள் அருப்புக்கோட்டையில்தான் நின்றார், தேசம், இனம் எல்லாம் அதோடு முடிந்தது.

12 ஆகஸ்ட், பின்குறிப்பு

எம்ஜிஆர் என்றதும் ஞாபகம் வந்தது. 1972இல் அண்ணா திமுக. 1976இல் திடீரென்று முன்னால் ‘அனைத்திந்திய’ ஒட்டிக்கொண்டது. நெருக்கடி நிலைக் காலம், மாநிலக் கட்சிகளைத் தடை செய்யப் போகிறார்கள் என்று பேச்சு. இன்றுவரை அந்தச் சொல்லால் எனக்கு இடப் பிரச்சினை, நீள எழுத்து, ஒரே வரியில் வராது.

15 ஆகஸ்ட்

காலையில் முதல்வர் கோட்டையில் கொடியேற்றியதை டிவியில் பார்த்தேன். 1974க்கு முன்னால் இந்தக் காட்சி கிடையாது. சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டிலும் மாநிலத் தலைநகரில் ஆளுநர்தான் கொடியேற்றுவார். கருணாநிதி இந்திரா காந்திக்கு எழுதிக் கேட்டு, ஆகஸ்ட் 15 முதல்வர்களுக்கு என்று ஆனது. தமிழ்நாட்டுக்கு மட்டுமில்லை, எல்லா மாநிலத்துக்கும். இன்று உத்தரப் பிரதேச முதல்வர் கொடியேற்றுவதும் இதன் தயவில்தான், அவருடைய கட்சிக்காரர்கள் இதை எந்த ஃபிளெக்ஸிலும் போடச் சொல்லப் போவதில்லை.

இதில் ஒரு சுவையான முரண் இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்றார் பெரியார். அண்ணா அதை ஏற்காமல், இது மகிழ வேண்டிய நாள் என்று எழுதினார். இரண்டு வருடம் கழித்து, 1949 செப்டம்பரில் திராவிடர் கழகத்திலிருந்து திமுக பிரிந்ததற்கு வேறு காரணங்கள் சொன்னாலும், இந்தக் கொடி விஷயத்தில் விரிசல் முன்பே விழுந்துவிட்டது. துக்க நாள் என்ற இயக்கத்தின் வாரிசு 1974இல் அதே நாளில் கொடியேற்றும் உரிமையை வாங்கினார். 2022 குடியரசு தின அணிவகுப்பில் தமிழ்நாட்டு ஊர்தியை டெல்லி எடுக்கவில்லை. அதில் வ.உ.சி., பாரதி, வேலு நாச்சியார் இருந்தார்கள். ஸ்டாலின் என்ன செய்தார்? அந்த ஊர்தியைச் சென்னை அணிவகுப்பில் விட்டார், பிறகு ஊர் ஊராக அனுப்பினார். விடுதலைப் போராட்டத்தில் நாங்கள்தான் முதலில் என்று திமுக சொல்லி, பாஜக பதில் சொல்ல வேண்டிய நிலை. இப்போது கேள்வித்தாள் யார் கையில்?

அந்த ஊர்தி வந்த வாரம் வ.உ.சி. படம் கேட்டு வந்த ஆட்களை எண்ணி மாளாது. அதற்கு முன் அவர் படத்தை என் கடையில் அவர் சாதிச் சங்கத்துக்காரர்கள்தான் கேட்டிருக்கிறார்கள். இதைப் பற்றித் தனி இழை போட வேண்டும், இப்போது வேண்டாம்.

16 ஆகஸ்ட்

தேசிய கீதம் விவகாரத்தை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்டிருக்கிறார்கள். விடவில்லை, எரிச்சலாக இருந்தது. சட்டமன்றத்தில் தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, முடிவில் தேசிய கீதம், அதுதான் வழக்கம். 2025 ஜனவரி 6ஆம் தேதி தொடக்கத்தில் கீதம் பாடவில்லை என்று ஆளுநர் உரையைப் படிக்காமலே வெளியேறினார். இரண்டு பாட்டும் பாடப்படுகிற இடத்தில் எது முதலில் என்பதற்கு ஒரு கூட்டத்தொடரின் முதல் நாள் போனது. அவையில் அன்று வேறு என்ன நடந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது. இரண்டு பக்கமும் லாபம் பார்த்த சண்டை.

18 ஆகஸ்ட்

தொழில் கதை கேட்டவர்களுக்காக. கொஞ்சம் நீளும்.

1999. கார்கில் முடிந்து செப்டம்பர், அக்டோபரில் தேர்தல். இணையத்தில் படம் எடுக்கும் காலம் இல்லை. வாரப் பத்திரிகையில் வந்த ராணுவ வீரர் படத்தை ஸ்கேன் செய்து, கையால் அவுட்லைன் வெட்டி, பின்னால் பனிமலை வைத்து ஒரு போஸ்டர் செய்தேன். முன்னால் வாஜ்பாய், ஒரு பக்கம் கலைஞர், இன்னொரு பக்கம் வைகோ. கூட்டணி அப்படி. ஈழத்துக்காகக் குரல் கொடுத்து வந்த வைகோ, பனிமலைக்கு முன்னால் நின்றபடி சிவகாசியில் ஜெயித்தார். திருச்சிக்காரர் மேஜர் சரவணன் கார்கில் போரில் படாலிக்கில் உயிர்விட்டது அந்த வருடம் மே மாதம், எங்கள் பக்கம் அப்போது ராணுவத்தில் பிள்ளைகள் இருந்த வீடுகளில் நிஜமாகவே தூக்கம் இல்லை. போஸ்டர் ஒட்டியவர்களில் ஒருவரின் அண்ணன் காஷ்மீரில் இருந்தார். அவர் அந்தப் போஸ்டருக்குப் பசை தடவும்போது தேசியம் பேசவில்லை, வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் அந்தக் கூட்டணிக்கு 39இல் 26.

2019. பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதல், 26 பாலாகோட் குண்டுவீச்சு, அப்புறம் பாகிஸ்தானிடம் பிடிபட்ட மீசைக்கார விமானி அபிநந்தன். மார்ச் 1ஆம் தேதி பிரதமர் கன்னியாகுமரி வந்து, அபிநந்தன் தமிழ்நாட்டுக்காரர் என்பதில் ஒவ்வொரு இந்தியருக்கும் பெருமை என்று பேசினார். மறுநாளே கடைக்கு ஆள் வந்தாயிற்று, மீசையோடு. தேர்தல் ஆணையம் ராணுவத்தினர் படத்தைப் பிரசாரத்தில் போடக் கூடாது என்று அறிவுறுத்தல் விட்டது அதற்கடுத்த வாரம். செய்து வைத்திருந்த டிசைனில் மீசையை எடுத்துவிட்டு விமானம் போடுங்கள் என்றார்கள், விமானமும் எடுத்துவிட்டு வானம் மட்டும் போடுங்கள் என்றார்கள். கடைசியில் நீலமாக ஒரு பின்படத்தோடு போனது. தேர்தல் போஸ்டரில் அச்சடித்தவர் பெயர் போட வேண்டும் என்பது சட்டம், மாட்டினால் நானும் மாட்டுவேன், அதனால் வானத்தில் எனக்கும் சம்மதம்.

இந்தியா முழுவதும் பாஜகவுக்கு 303. இங்கே அவர்கள் நின்ற ஐந்து இடத்திலும் தோல்வி, பெருமை பேசப்பட்ட கன்னியாகுமரி உட்பட. அதே வீரம், அதே மீசை, அதே டிவி. 1999இல் விலைபோனது 2019இல் போகவில்லை. கூட்டணிக் கணக்கு ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. இன்னொன்று, 1999இல் தேசத்தை விற்றவர் பக்கத்திலேயே கலைஞர் நின்றார், யாரையும் பரீட்சைக்கு உட்கார வைக்கவில்லை. 2019இல் உட்கார வைத்தார்கள். நீட், ஸ்டெர்லைட், ஜல்லிக்கட்டு என்று ஏற்கெனவே கோபத்தில் இருந்த ஊரில் போய் ‘தேசபக்தி இருக்கிறதா’ என்று கேட்டால் என்ன விடை வரும்?

18 ஆகஸ்ட், கொசுறு

குலசேகரப்பட்டினம் ராக்கெட்டை மறந்துவிட்டேனே என்று நான்கு பேர். மறக்க முடியுமா, எங்கள் தொழிலுக்கே தலைகுனிவு. 2024 பிப்ரவரி, ஏவுதளத்துக்கு அடிக்கல், திமுக அமைச்சர் அனிதா ராதாகிருஷ்ணன் பெயரில் வந்த பத்திரிகை விளம்பரத்தில் ராக்கெட் உச்சியில் சீனக் கொடி. பிரதமர் திருநெல்வேலி மேடையில் பிடித்துக்கொண்டார். டிசைனர் தவறு என்று முடித்தார்கள். டிசைனர் தவறுதான், சந்தேகமே இல்லை. இரவு பதினொரு மணிக்கு “தம்பி, ராக்கெட் ஒண்ணு வையுங்க” என்று போன் வந்தால் முதலில் கிடைக்கும் ராக்கெட்டைத்தான் வைப்போம். இதே காரணத்துக்காக இந்திய வரைபடம் கேட்டால் மட்டும் நான் இரண்டு தடவை பார்ப்பேன், வெளிநாட்டு ஸ்டாக் படத்தில் காஷ்மீர் பாதி இருக்காது.

19 ஆகஸ்ட்

“காங்கிரஸ் தேசத்தை ஓட்டுக்காக விற்றதில்லை” என்று ஒருவர் மூன்று பத்தி எழுதியிருக்கிறார். ‘இந்திராதான் இந்தியா, இந்தியாதான் இந்திரா’ என்றது யார்? காங்கிரஸ் தலைவர் பரூவா. 1984இல் இந்திரா கொலைக்குப் பிறகு வந்த தேர்தலில், நாட்டின் எல்லை உங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுமோ என்று முள்வேலிப் படத்தோடு பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது யார்? அந்தத் தேர்தலில் 404 இடம், 514இல். தொழில்முறையாகச் சொல்கிறேன், அந்த முள்வேலிக்குப் பிறகு வந்ததெல்லாம் நகல்.

21 ஆகஸ்ட்

பரீட்சைக்கு உட்காராதே என்று பெரிய தத்துவம் போலச் சொல்லிக்கொண்டு வந்தேன். 1991 என்னை இரண்டு நாளாக உறுத்துகிறது.

என் முதல் ஓட்டு அந்தத் தேர்தல். மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. விடியும்போது எங்கள் தெருமுனைத் திமுக கொடிக்கம்பம் தரையில் கிடந்தது. மாநிலம் முழுக்க அப்படித்தான், கம்பங்கள், மன்றங்கள், கடைகள். அப்பா வீட்டுச் சுவரில் இருந்த அண்ணா காலண்டரைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். ஜனவரியில் கலைக்கும்போதே புலிகளுக்கு இடம் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு கட்சி மேல் இருந்தது. ஜூன் மாதம் ஓட்டு எண்ணியபோது திமுகவுக்கு 2 இடம்.

அப்போது திமுக என்ன செய்திருக்க முடியும்? கேள்வியைச் செல்லாததாக்க வழியே இல்லை. துக்கம் உண்மை, கோபம் உண்மை, யாரும் அதை அச்சடித்துக் கொடுக்கவில்லை. மறுபுறம் 1964 ஜனவரியில் திருச்சியில் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சின்னச்சாமி தீக்குளித்ததும் எந்தக் கட்சியும் சொல்லிச் செய்ததில்லை. ஆக, கட்சிகள் சும்மா இருக்கிறவன் மேல் தேசத்தைத் தெளிப்பதாக நான் எழுதிய தொனி சரிவரவில்லை. உணர்ச்சி மக்களிடம் முதலில் இருக்கிறது. அதற்குக் கேள்வி வடிவம் கொடுத்து, பதில் சொல்ல ஒரு ஆளையும் நிறுத்துவதுதான் கட்சியின் வேலை.

24 ஆகஸ்ட்

நாம் தமிழர் ஆதரவாளர் ஒருவர் “நாங்கள் பரீட்சை வைக்கவில்லை, வரலாறு கேட்கிறோம்” என்கிறார். கடையில் நடந்ததைச் சொல்கிறேன், வரலாறா பரீட்சையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் ஊரில் நெசவு செய்கிறவர்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. நானூறு ஐந்நூறு வருடக் கதை. அப்பாவோடு தறி போட்ட ஒருவரின் மகன், திமுக கிளைப் பொறுப்பில் இருப்பவர், பிறந்தநாள் ஃபிளெக்ஸ் கொடுக்க வந்தார். கடையில் காத்திருந்த இளைஞன் ஒருவன் மரியாதையாகத்தான் கேட்டான், “அண்ணாச்சி, நீங்க வீட்ல என்ன பாஷை பேசுவீங்க?” அவர் சிரித்துக்கொண்டே தெலுங்கு என்றார். “அப்ப தமிழ்நாட்டைத் தமிழர் ஆளணும்னு சொன்னா நீங்க ஏன் கோவப்படுறீங்க?” அவர் அதன் பிறகு சிரிக்கவில்லை. ஆர்டரைச் சொல்லிவிட்டு, கிளம்பும்போது என்னைப் பார்த்து, “நான் இந்திக்கு எதிரா கருப்புக் கொடி பிடிச்சப்ப இவன் பொறக்கவே இல்ல” என்றார்.

2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் இந்தி தெரியாது என்ற கனிமொழியிடம், நீங்கள் இந்தியரா என்று பாதுகாப்புப் படை அதிகாரி கேட்டார் என்று அவரே பதிவிட்டாரே, தமிழ்நாடே கொதித்தது. இந்தி தெரியாது போடா சட்டையை நானும் அச்சடித்தேன், நல்ல வியாபாரம். அந்தக் கேள்விக்குக் கொதித்தவர்களில் எத்தனை பேர் என் கடையில் கேட்கப்பட்ட கேள்விக்குக் கொதித்தார்கள்? சீமான் கட்சிக்கு 2024இல் 8 சதவீதத்துக்கு மேல் ஓட்டு, ஒரு இடமும் இல்லாமல். அந்த ஓட்டு முழுவதும் இந்தக் கேள்விக்காக விழுந்தது என்று நான் சொல்லவில்லை, பாதிப் பேர் மணல், குளம், கண்மாய் என்று பேசித்தான் அங்கே போனார்கள். ஆனால் திமுக இன்று பதில் சொல்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் தான் தயாரித்த அதே பாடத்தில்.

விஜய் கட்சியைப் பற்றிக் கேட்டவருக்கு: விக்கிரவாண்டியில் திராவிடத்தையும் தமிழ்த் தேசியத்தையும் இரண்டு கண்கள் என்றார். சீமான் ஒரு கண்ணும் இல்லை என்று பாய்ந்தார். எனக்கு ஆர்டர் வருகிறது, பின்படம் என்ன என்று கேட்டால் “தளபதி போதும்” என்கிறார்கள். அதிமுக வழி.

28 ஆகஸ்ட்

கச்சத்தீவு. நீளமாக எழுதப் போவதில்லை. 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போனது. 1991 சுதந்திர தினத்தில் ஜெயலலிதா மீட்பேன் என்றார். 2024 தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில் பிரதமர் அதைக் கையில் எடுத்து, காங்கிரஸும் திமுகவும் தாரைவார்த்ததாகப் பதிவிட்டார். முடிவு, தமிழ்நாட்டில் 39க்கு 39 திமுக கூட்டணி, ராமநாதபுரம் உட்பட. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் மீட்கச் சொல்லித் தீர்மானம். எல்லாக் கட்சியும் மீட்கச் சொல்கிற தீவு அங்கேயே இருக்கிறது, மீனவர் படகு பிடிபடுவதும் தொடர்கிறது. ராமேஸ்வரத்தில் என் மைத்துனருக்கு ஐஸ் வியாபாரம். படகுக்கு என்ன வழி, வலைக்கு என்ன வழி என்று கேட்கிறவர்களுக்குத் தீவைக் காட்டுகிறார்கள் என்பது அவர் கணக்கு.

28 ஆகஸ்ட், இரவு

திமுகவின் ‘ஓரணியில் தமிழ்நாடு’ உறுப்பினர் சேர்க்கை பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டவரே, ஜூலையில் என் வீட்டுக்கும் வந்தார்கள். மண், மொழி, மானம் காக்க வேண்டும் என்றார்கள், காக்கலாம் என்றேன், போனுக்கு ஒரு ஓடிபி வரும் சொல்லுங்கள் என்றார்கள். அதற்குள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஓடிபி வாங்கக் கூடாது என்று தடை போட்டது. மானத்தைக் காக்கும் வேலை ஆறு இலக்கத்தில் நின்றது. கூடவே எதிர்த்தரப்பில் அதிமுக ‘தமிழகத்தை மீட்போம்’ என்று பஸ் விட்டது. ஒருவர் காக்கிறார், ஒருவர் மீட்கிறார், யாரிடமிருந்து என்று மட்டும் இரண்டு ஃபிளெக்ஸிலும் இடம் போதவில்லை.

1 செப்டம்பர்

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, “1967இல் அரிசி தேசியத்தை வென்றது என்றீர்கள், அப்படியென்றால் திமுகவிடம் தேசியம் இல்லை என்று ஆகிறதே” என்று என்னையே மடக்கப் பார்க்கிறார்.

நல்ல கேள்வி. மூன்று படி அரிசி வரவில்லை. 1967 மே மாதம் சென்னையிலும் கோவையிலும் மட்டும் ரூபாய்க்கு ஒரு படி தொடங்கினார்கள். ஜூலை 18இல் சட்டமன்றத்தில் மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என்று மாற்றத் தீர்மானம், 1969 ஜனவரி 14இல் அது நடைமுறை. அரிசிக்குக் கஜானா வேண்டும், பெயருக்கு ஒரு தீர்மானம் போதும். இப்படிப் பார்த்தால் கசப்பாக இருக்கும், மாமா இப்படித்தான் பார்த்தார். சோத்துக்கு வழி இல்லாம பேரு வைக்கிறான் என்பார்.

ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு உயிர் விட்டவர் மாமாவின் ஊர்க்காரர், மாமாவின் கட்சிக்காரர். சங்கரலிங்கனார், காந்தியவாதி, விருதுநகரில் உண்ணாவிரதம் உட்கார்ந்து 1956 அக்டோபர் 13இல் இறந்தார். அப்போது முதலமைச்சர் அதே விருதுநகரின் காமராஜர், அதே காங்கிரஸ், கொடுக்கவில்லை. மாமா அந்தப் பந்தல் பக்கம் தினமும் போவாராம், கடை மூடியதும். இதை மாமா என்னிடம் சொன்னதில்லை, அத்தை சொன்னதுதான். அப்பாவுக்கும் தெரியும். தீபாவளிச் சண்டையில் எத்தனையோ தடவை அதை எடுத்து மாமாவை மடக்கியிருக்கலாம், எடுத்ததில்லை.

காங்கிரஸ் 1956இல் கொடுத்திருந்தால் 1967இல் திமுக மேடையில் அந்தப் பெயர் இருந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம். கேள்வி கேட்டவர் இதற்கும் மறுப்பு வைத்திருப்பார், வைக்கட்டும். நாளை எனக்கு இரண்டு திருமண ஃபிளெக்ஸ், ஒரு காதணி விழா. காதணி விழாவுக்குப் பின்படமாகச் செங்கோட்டை கேட்டிருக்கிறார்கள், தாய்மாமன் ராணுவத்தில் இருக்கிறாராம்.